கை வாய்க்கு எட்டும் தூரம்

— மறுக்கா ஒருதரம் தூக்குங்க தம்பி. கிளாஸு மேசையிலிருந்து வாய்க்குப் போயிட்டுத் திரும்ப மேசைக்கு வரோணும். அவ்வளவுதான்.

— அதான் தூக்கிட்டான்ல தாயி. பெத்தவ நானும் பாத்தேன், அளக்க வந்த நீங்களும் பாத்தீக. எழுதிக்கங்க.

— பாத்தனுங்க சுருளியம்மா. பாத்ததுனாலதான் மறுக்காக் கேக்கறன்.

— அம்மா, அனுப்பிரியா அக்கா தேர்டு அம்பயருக்கு விட்டுட்டாக. இனி ரீப்ளே பாத்துத்தான் சொல்லுவாக.

— நீ சும்மா கெட பாண்டி. வாயி மட்டும் காது வரைக்கும் போகுது.

— வாய் ஒண்ணுதானம்மா இன்னும் நான் சொன்னபடி கேக்குது.

— ஏந்தம்பி அப்புடிப் பேசறீங்க. செரி, கிளாஸ இப்புடி ஓரமா வெச்சிருவோம். மேல போத்தியிருக்கற கம்பளிய எடுத்துட்டுச் செய்யலாங்களா?

— கம்பளியவா? வெளிய பாருங்க. எதுத்த லயத்து வீடுக கண்ணுக்குத் தெரியுதா? மஞ்சு எறங்கி வாசல் வரைக்கும் வந்து நிக்கு. நீங்க பாலக்காட்டு வெயில்ல வளந்தவுக, இந்த மலக்குளிர் உங்களுக்குப் பழக்கமில்ல. பிள்ளைக்குச் சளி கட்டுனா யாரு பாக்குறது?

— எனக்குந்தானுங்க குளுருது. பல்லு தந்தியடிக்குது. ஆனாலும் தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் எனக்குத் தெரியோணும். எது தூக்குது, எது தூக்கலைன்னு பாக்கறதுதான் என்ற வேலையே.

— எல்லாந்தான் தூக்குது.

— இல்லைங்க. இத பாருங்க. ரண்டு கையையும் மேசமேல வெச்சு முன்னால தள்ளச் சொன்னன். ஒரு விரக்கட கூட நகரலை. காசு எடுக்கச் சொன்னன். ஒண்ண எடுத்தாரு, அடுத்ததுக்கு விரல் ஓஞ்சு போச்சு. காயிதத்தப் பாதிதான் கிழிச்சாரு. போன தடவ இதெல்லாம் செஞ்சவருங்க. இதெல்லாம் முடியாம இருக்கறப்ப, கிளாஸு மட்டும் ஜோரா வாய்க்குப் போவுது. அது எப்புடிங்க?

— தாகமா இருந்திருக்கும்.

— தசை சிதையற நோவுல தோளுதானுங்க மொதல்ல ஓயும். விரலு கடைசியாத்தான் ஓயும். விரலே ஓயறப்ப, தோளு கிளாஸத் தூக்குதுன்னு எழுதிக் குடுத்தா எங்க பெரிய டாக்டரு என்னையத்தான் ஒரு மாதிரியாப் பாப்பாரு.

— பாக்கட்டும். கண்ணு அவருக்கும் இருக்குல்ல.

— பாண்டி தம்பி, நீங்களே சொல்லுங்க. கிளாஸ எப்புடித் தூக்குனீங்க?

— எனக்கு எங்கக்கா தெரியும். தூக்குங்கன்னு நீங்க சொன்னதும் கண்ண மூடிக்கிடுவேன். தெறந்து பாத்தா கிளாஸு வாயில இருக்கும்.

— கேட்டீகளா? சாமி காரியம்.

— சுருளியம்மா, உங்க வலது கைய மேசமேல வைங்க.

— எதுக்கு?

— சும்மா வைங்க.

— என் கையயும் அளக்கப் போறீகளா? இது தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறை பிடிச்ச கை. இதுல என்ன கெடக்கு பாக்க.

— இது எடது கைங்க. நான் கேட்டது, கம்பளிக்கு அடியில தம்பி முழங்கையப் புடிச்சிட்டு இருக்கற கைய.

— அம்மா, எடுத்துரும்மா. அக்கா பாத்துட்டாக.

— எடுத்துட்டேன். இந்தா. நல்லாப் பாத்துக்கங்க.

— போன தடவையும் இப்புடித்தானுங்களா?

— போன தடவையும்தான். அதுக்கு முன்னாடி வந்தப்பவும்தான். நீங்க குனிஞ்சு எழுதுறப்பக் கைய உள்ள விட்டுக்கிடுவேன், பெறகு லேசாத் தூக்கி விடுவேன். ரொம்பத் தூக்குனா தெரிஞ்சிரும். அவனாத் தூக்குற மாதிரி நடுங்கி நடுங்கித் தூக்கணும்.

— இதையெல்லாம் எங்கீங்க படிச்சீங்க?

— எடை போடுற எடத்துல படிச்சேன். நான் கொமரியா இருந்தப்ப வேற எஸ்டேட்டுல எடை போட ஒருத்தன் இருந்தான். அவன் பேரச் சொன்னா வாயக் கழுவணும். கொழுந்துச் சாக்கக் கொக்கித் தராசுல மாட்டிட்டு, அடியில முழங்கால லேசாக் குடுத்துத் தாங்குவான். முள்ளு எறங்கிரும். அட்டை கடிச்சு, மழையில நனஞ்சு, பகல் பூரா கிள்ளுனது அவன் முழங்காலுல போயிரும். பெறகு ஈரத்துக்குன்னு தனியாக் கழிப்பான். ஒருநா கொழுந்து சிதறிப்போச்சுன்னு பொறுக்கக் குனிஞ்சேன், பாத்துட்டேன். அன்னைக்கே எனக்கு விளங்கிப்போச்சு. நம்ம எம்புட்டுச் சொமந்தாலும் அளக்குறவக எழுதுறதுதான் எடை.

— அது கொழுந்துங்க. இது உங்க பையன்.

— அதுனாலதான் முழங்கால வைக்காம உள்ளங்கைய வச்சேன். அவன் கொறச்சு எழுதத் தாங்குனான், நான் கூட்டி எழுதத் தாங்குனேன். இதுல என்ன தப்புங்கேன்?

— கூட்டி எழுதுனா என்ன கெடைக்கும்னு நெனச்சீங்க?

— உசுரு கெடைக்கும்னு நெனச்சேன்.

— என்னங்க சொல்றீங்க?

— அம்மா, வேணாம்மா. அண்ணன் பேச்ச எடுத்தா நீ பொழுதுக்கும் சோறு திங்க மாட்ட.

— நீ இருடா. இவுகளும் தெரிஞ்சுக்கட்டும். எம்பெரியவன் அஜய் இருந்தான்ல தாயி, அவனுக்கும் இதே நோவு. இந்தா, பாண்டி உக்காந்திருக்கானே, இது அவன் சக்கர வண்டிதான்.

— ஸ்பாஞ்சுல அண்ணன் குழி இன்னும் இருக்குக்கா. அப்பா புதுத் துணி வச்சுத் தச்சுக் குடுத்தாரு, அப்பயும் போகல. என்னைய நேரா உக்கார வச்சாலும் பொழுது சாயுறதுக்குள்ள அந்தக் குழிக்குள்ள எறங்கிருவேன்.

— உங்களுக்கு மொத வந்துட்டிருந்தாகல்ல, சிசிலி சிஸ்டரு, அவுகளும் இதே பெட்டியத்தான் கொண்டாந்தாக. இதே கிளாஸு, இதே காசு, இதே அமுக்குற லைட்டு. அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. நல்ல பிள்ளயாட்டம் சொவத்தோரமா நின்னு வேடிக்க பாத்தேன். அஜய் முக்கி முக்கிப் பாத்தான், கிளாஸு அசையல. சிஸ்டரு ஒரு முட்டை போட்டாக. பேனாவால ஒரு வட்டம், அம்புட்டுத்தான். அந்த மழைக்காலம் முடியல தாயி. விடியக்காலம் டீ போட்டுட்டு எழுப்பப் போறேன், வெறச்சுக் கெடக்கான். அவனுக்கு வச்ச டீ ஆறிப் போயி ஆடை கட்டுற வரைக்கும் அங்ஙனயே உக்காந்திருந்தேன்.

— கேக்கவே சங்கட்டமா இருக்குதுங்க. சிஸ்டரு வேற ஒண்ணும் சொல்லலைங்களா?

— கீழ பெரிய ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி மூச்சப் பாக்கணும்னாக. கையி போச்சுன்னு எழுதிட்டு மூச்சப் பாக்கணும்னா எங்களுக்கு என்ன விளங்கும்? கைக்கும் மூச்சுக்கும் என்ன ஒறவு? முட்டை வாங்குன பிள்ளயத் தூக்கிக்கிட்டு மலை எறங்கி இனி என்ன ஆகப்போகுதுன்னு இருந்துட்டோம். இவன் கையும் ஓய ஆரம்பிச்சப்பதான் நெனச்சேன். இந்த வாட்டி முட்டை போட விடக்கூடாது. அம்புட்டுத்தான்.

— சுருளியம்மா, எம் பக்கத்துல வந்து உக்காருங்க. நான் சொல்றத ஒரு நிமிசம் கேளுங்க. எனக்கு மட்டும் முட்டை போட ஆசையாங்க? எந்த ஊட்டுல போட்டாலும் அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காது. ஆனா கைக்கும் மூச்சுக்கும் ஒறவு இருக்குதுங்க. நெஞ்சுக்குள்ள காத்த இழுக்கறதும் தசைதான். தோளு ஓயற காலத்தை ஒட்டி அதும் ஓய ஆரம்பிக்கும். முழிச்சிருக்கறப்ப தெரியாது. தூங்கறப்பத்தான் மூச்சுச் சிறுத்துப் போவும்.

— அத எப்படிப் பாப்பீக?

— ராத்திரி பூரா பக்கத்துல உக்காந்து எங்களால பாக்க முடியாதுங்களே. அதுனாலதான் கிளாஸப் பாக்கறம். கை வாய்க்கு எட்டலைன்னா, அந்த ஆளுக்கு மூச்சுச் சோதனை உடனே பண்ணியாகோணும்னு இந்த நோவுக்காரங்களுக்குன்னு இருக்கற எங்க சங்கத்துல வெச்சிருக்கறோம். மூச்சுக் கொறஞ்சிருந்தா ராத்திரிக்கு மூக்குல மாட்டிக்கற மெஷின் குடுப்பாங்க. மெஷின் கொஞ்சந்தான் இருக்குது. கை எட்டுதுன்னு நான் எழுதிக் குடுத்தன்னா தம்பிய யாரும் கூப்புட மாட்டாங்க.

— அப்ப நான் தூக்கத் தூக்க...

— ஆமாங்க.

— அஜய்க்குப் போட்ட முட்டையும் அதுக்குத்தானா?

— அதுவும் கீழ கூட்டிட்டுப் போகத்தானுங்க போட்டது.

— போயிருந்தா இருந்திருப்பானா?

— அத என்னால சொல்ல முடியாதுங்க.

— சொல்லாதீக. இருந்திருப்பான்னு சொன்னாலும் எனக்குத் தாங்காது, இருந்திருக்க மாட்டான்னு சொன்னாலும் தாங்காது.

— அம்மா, அழாத. எந்திரிச்சு அந்த வாசப்படிக்கிட்டப் போயி நில்லு. ரெண்டு கையும் எனக்குத் தெரியுற மாதிரி நில்லு. அக்கா, கம்பளிய எடுத்துருங்க. ஒருதரம் கள்ளாட்டம் இல்லாம ஆடிப் பாத்துருவோம்.

— நிக்கேன் சாமி. கையக் கட்டிக்கிட்டே நிக்கேன்.

— இதோ, கிளாஸ வெச்சுட்டன். விரல நானே சுத்தி வெக்கறன். அவசரமில்லைங்க. எப்ப முடியுமோ அப்பத் தூக்குங்க.

— தூக்கிட்டுத்தான் இருக்கேன்.

— செரிங்க.

— அசையலைல? உங்களுக்குத்தான் தெரியல. உள்ளுக்குள்ள நான் தூக்கிட்டேக்கா. கிளாஸு இந்நேரம் வாய்க்கிட்ட வந்திருக்கணும்.

— போதுங்க தம்பி.

— இன்னொரு பால் போடுங்க. இது நோ பாலு.

— போதுங்க கண்ணு. வேர்த்துப் போச்சு பாருங்க உங்களுக்கு.

— தாயி, பிள்ளைக்குத் தொண்ட வரண்டிருக்கும். நான் வந்து ஒரு வாய் தண்ணி குடுக்கவா?

— எழுதிட்டனுங்க. இனி வாங்க. வந்து குடுங்க.

— இந்தா சாமி, குடி. மெதுவா. பொறை ஏறிரப் போகுது. என்ன போட்டீக தாயி? முட்டையா?

— ஆமாங்க.

— போடுங்க. நல்லாப் பெருசாப் போடுங்க. மெஷினுக்காரவுக கண்ணுல படட்டும்.

— இன்னும் நாலஞ்சு கேள்விதானுங்க. தம்பி, காலையில எந்திரிச்சா தலைவலி இருக்குதுங்களா?

— மண்டை பிளந்துரும்க்கா. வெயிலு வந்தாத்தான் விடும்.

— பகல்ல?

— ஜீப்பு சவாரிக்கு டூரிஸ்டுக போன் பண்ணுவாகல்ல, ஜீப்பு ஓட்டுற மாமாவுக்கு நாந்தான் போன் எடுத்துப் பேசுறேன். பேசிக்கிட்டே தூங்கிருவேன். போன வாரம் ஒருத்தர் கொறட்டையக் கேட்டுட்டு, ஹலோ, அங்க புலி இருக்கான்னு கேக்குறாரு.

— ராத்திரி முழிப்பு வருதுங்களா? மூச்சு முட்டி எந்திரிக்கறதுண்டா?

— அத அம்மாட்டக் கேளுங்க.

— எதுக்கு இப்ப அந்தப் பேச்சு? அதுக்குத்தான் வைத்தியம் பாத்தாச்சுல்ல.

— என்ன வைத்தியங்க? தம்பி மணிக்கட்டுல புதுசாக் கருப்புக் கயிறு கட்டியிருக்குது, அதுங்களா?

— சொன்னாச் சிரிப்பீக. படிச்சவுக.

— எங்கூருலயும் கயிறு கட்டுவாங்க. சிரிக்க மாட்டனுங்க. சொல்லுங்க.

— பெரியவன் வாரான் தாயி. ராவானா வந்துருவான். தம்பி நெஞ்சுமேல ஏறி உக்காருறான். இவன் அண்ணே, அண்ணேன்னு கத்திக்கிட்டு முழிப்பான். உடம்பெல்லாம் வேர்வை, நாய்க்கு எரைக்க மாதிரி எரைக்கும். நானும் எந்திரிச்சு லைட்டப் போடுவேன். ஆளு தெரியாது. ஆனா அஜய்க்குத் தேச்ச தைலத்து வாடை மட்டும் அடிக்கும். பாட்டில அவன் போன அன்னைக்கே தூக்கி எறிஞ்சாச்சு. வாடை எங்க இருந்து வருது சொல்லுங்க. பழையபடி இவன் கண்ண மூடுவான். கொஞ்சத்துல திரும்பவும் அண்ணேம்பான். இப்படியே விடியும்.

— தெனமுங்களா?

— தெனமும்தான். நேத்துத்தான் கீழ கம்பம் ஊருல இருந்து கோடாங்கியக் கூட்டியாந்தேன். உடுக்க அடிச்சுப் பாத்துட்டு, பெரியவனுக்குத் தனியா இருக்க முடியல, தம்பியத் துணைக்குக் கூப்பிடுறான்னாரு. கட்டிருவமான்னு கேட்டாரு. பெத்த மகனக் கட்டுங்கன்னு எந்த வாயால சொல்ல? ஆனாச் சொன்னேன் தாயி. இருக்குற பிள்ளயப் பாக்கணும்ல. எலுமிச்சம்பழத்துல ஆணி அடிச்சு வேலிக்கு வெளிய பொதைச்சாரு. இவன் கையில இந்தக் கயித்தக் கட்டுனாரு. கயிறு இருக்க வரைக்கும் அவன் வாசப்படி தாண்ட மாட்டான்னாரு.

— நேத்து ராத்திரி எப்புடி இருந்துச்சுங்க?

— ஒரு சத்தமில்ல. நானும் நடுவுல எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தேன். பச்சப்பிள்ள கணக்காக் கண்ண மூடிக் கெடக்கான். வாடையும் இல்ல. பெறகு நானும் தலையச் சாச்சேன். அஜய் போனதுல இருந்து நேத்துத்தான் நான் தூக்கம்னு ஒண்ணு தூங்குனேன்.

— ஒருதரங்கூட எந்திரிக்கலைங்களா?

— எந்திரிக்கலன்னு சொல்றேன்ல.

— எனக்கு அது செரியாப் படலைங்க. சுருளியம்மா, நான் வந்த ஜீப்பு கீழ வளைவுல நிக்குது. தம்பிய இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரலாம். நான் கூடவே வரன். போன்ல சொல்லி எடம் வாங்கிருவன்.

— இன்னைக்கா? கூட்டிட்டு வர மாட்டேன்னு சொல்லல தாயி. நீங்க சொன்னது மனசுல ஏறிருச்சு. ஆனா மூணு ராவு இவன் வாசப்படி தாண்டக் கூடாதுன்னு கோடாங்கி சொல்லிட்டுப் போயிருக்காரு. தாண்டுனா கட்டு அவுந்துரும்னாரு. மூணு ராவு முடியட்டும். இவுக அப்பாவும் லீவு சொல்லிட்டு வரணும்ல ஃபாக்டரில. பெரியவந்தான் இப்ப வரலையே, பெறகு என்ன அவசரம்?

— மூணு ராத்திரி ரொம்ப நாளுங்க.

— இத்தன நாள் இருந்துட்டோம். மூணு ராத்திரியில என்ன ஆகிரும்?

— தம்பி, நீங்க சொல்லுங்க. நேத்து நல்லாத் தூங்குனீங்ளா? கண்ணு ரண்டும் இப்புடிச் செவந்து கெடக்குதே, அதுக்குக் கேக்கறன்.

— நான் தூங்கலக்கா.

— தூங்கலையா? நான் பாத்தேனேடா.

— நீ பாப்பேன்னுதான் கண்ண மூடிக் கெடந்தேன். நீ தூங்கி எம்புட்டு நாளாச்சு. உன் கொறட்டையக் கேட்டுக்கிட்டே விடிய விடிய முழிச்சிருந்தேன்.

— ஏன்டா? வந்தானா? கயிறு கட்டியுமா வந்தான்?

— வரலம்மா. அண்ணன் வரல. அதான் தூங்கல.

— என்ன தம்பி சொல்றீங்க? வெளக்கமாச் சொல்லுங்க.

— அம்மாவும் என்னையக் கேக்கல, கோடாங்கியும் கேக்கல. அண்ணன் வந்து அமுக்குறான்னு நான் எப்பம்மா சொன்னேன்? நல்லா உறங்கிட்டு இருப்பேன்க்கா. மூச்சு எங்கயோ போயிரும். கெணத்துக்குள்ள கெடக்க மாதிரி இருக்கும். கூப்பிடலாம்னா வாய் வராது. அப்பத்தான் அவன் வருவான். நெஞ்சுல ஏறி உக்காந்து ரெண்டு தோளையும் பிடிச்சு உலுக்குவான். மூச்சு விடுறா பாண்டி, எந்திரிடான்னு உலுக்குவான். உயிரோட இருந்தப்ப கிளாஸத் தூக்க முடியாத கையி, அந்தக் கையால. நான் முழிச்சு மூச்ச இழுத்ததும் போயிருவான். ஒவ்வொரு தரமும் என்னைய எழுப்பி விட்டது அவன்தாம்மா. நீங்க அவனக் கட்டிட்டீக. இனி நான் தூங்குனா என்னைய யாரு எழுப்புவா?

— சுருளியம்மா. அம்மா, இங்க பாருங்க.

— ஜீப்பு வளைவுலதான நிக்கு?

— ஆமாங்க.

— மூணு ராவுக் கணக்கு கோடாங்கியோட போகட்டும். எதுத்த லயத்துல ஆளக் கூப்பிடுறேன், வண்டியோட தூக்கி எறக்கிருவாக. இரு தாயி, இரு. உன் பெட்டியில கத்திரி கெடக்கா?

— இருக்குதுங்க. எதுக்கு?

— மொதல்ல இந்தக் கயித்த அறு. மெஷினு கைக்கு வர்ற வரைக்கும் எம்பெரியவன் வந்துட்டுப் போகட்டும்.